நான்கு ஆசிரியர்களுக்கும் தெரிந்த இரண்டு மாணவர்கள்

தமிழ்நாட்டில் படித்துவிட்டு அமெரிக்காவில் பிள்ளையைப் பெரிய ஹைஸ்கூலில் சேர்க்கும் பெற்றோருக்கு முதலில் பிடிபடாத விஷயம், அங்கே ‘வகுப்பு’ என்று ஒன்று கிடையாது என்பது. நம் ஊரில் ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவு என்றால் ஓர் அறை, நாற்பது ஐம்பது பேர், ஒரு வகுப்பாசிரியர், ஒரு அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர். மணி அடித்தால் ஆசிரியர்தான் மாறுவார். பிள்ளைகள் வருடம் முழுக்க அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். யார் மூன்று நாளாக வரவில்லை, யார் வீட்டில் என்ன பிரச்சினை என்பது ‘பி’ பிரிவு முழுக்கத் தெரியும்.

அமெரிக்க ஹைஸ்கூலில் மணி அடித்தால் ஆசிரியர் அறையிலேயே இருப்பார், பள்ளி எழுந்து நடக்கும். 2,400 பேர் ஐந்து நிமிடத்தில் வராந்தாக்களில் இடம் மாறுவார்கள். ஒவ்வொருவருக்கும் தனி டைம்டேபிள். முதல் பீரியடில் பக்கத்தில் உட்கார்ந்தவனை இரண்டாம் பீரியடில் பார்க்க முடியாது. ஒரு ஆசிரியர் நாளொன்றுக்கு ஐந்து வகுப்பு எடுக்கிறார், வகுப்புக்கு 30 பேர் என்றால் அவர் கையில் 150 பிள்ளைகள்.

இதில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒன்பதாம் வகுப்பில் 600 பேர். ஒவ்வொரு பாடத்துக்கும் நான்கு ஆசிரியர்கள், ஆளுக்கு 150 பேர். டைம்டேபிளைக் கம்ப்யூட்டர் போக்கில் விட்டால், ஒரு ஆங்கில ஆசிரியரிடம் இருக்கும் 150 பேரில் கால்வாசி, அதாவது 37 அல்லது 38 பேர், குறிப்பிட்ட ஒரு கணக்கு ஆசிரியரிடமும் இருப்பார்கள். அதில் கால்வாசி, ஒன்பது பேர், குறிப்பிட்ட ஓர் அறிவியல் ஆசிரியரிடமும். சமூக அறிவியல் ஆசிரியரையும் சேர்த்தால் மிஞ்சுவது இரண்டு பேர், கொஞ்சம் தாராளமாகச் சொன்னால் இரண்டரை. அந்த நான்கு ஆசிரியர்களும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தால், நால்வருக்கும் தெரிந்த பிள்ளைகள் இரண்டே பேர்தான். பேச என்ன இருக்கிறது? எல்லா ஆசிரியர்களும் நல்லவர்களாகவே இருந்தாலும், ஒரு பிள்ளை மெதுவாக வழுக்கிப் போவதை முழுதாகப் பார்க்கும் கண் அங்கே ஒன்றுகூட இல்லை.

பள்ளிக்குள் பள்ளி என்று சொல்லப்படும் ஏற்பாடு இந்த இரண்டை 150 ஆக்குகிற வேலை. அந்த நான்கு ஆசிரியர்களுக்கும் ஒரே 150 பிள்ளைகளைக் கொடுத்துவிடுவது. ‘ஸ்மாலர் லேர்னிங் கம்யூனிட்டி’ என்ற பெயரும் அதையொட்டிய லோகோவும் டீ-ஷர்ட்டும் அப்புறம் வருபவை. பல இடங்களில் அவை மட்டுமே வந்தன என்பதுதான் இந்த யோசனையின் சோகம்.

பெரிய பள்ளி என்பது தற்செயலாக முளைத்ததல்ல. ஹார்வர்டின் முன்னாள் தலைவர் ஜேம்ஸ் கானன்ட் 1959இல் எழுதிய அறிக்கையில், பன்னிரண்டாம் வகுப்பில் 100 பேராவது இல்லாத பள்ளியால் உயர்நிலை இயற்பியலும் கணிதமும் அயல்மொழியும் ஒழுங்காகக் கற்பிக்க முடியாது, சிறு பள்ளிகளை ஒன்றிணையுங்கள் என்றார். அந்த வாதத்தில் நியாயம் இருந்தது. எட்டுப் பேருக்காக ஒரு கால்குலஸ் ஆசிரியரை யார் வைப்பார்கள்? அவர் கேட்டது வெறும் நூறுதான், இரண்டாயிரம் மூவாயிரம் அல்ல என்பதை மட்டும் பின்னால் வந்தவர்கள் வசதியாக மறந்துவிட்டார்கள். 1964இல் ரோஜர் பார்க்கரும் பால் கம்ப்பும் கன்சாஸ் பள்ளிகளை வைத்து வேறொரு பக்கத்தைக் காட்டினார்கள். பெரிய பள்ளியில் நாடகம், பேண்டு, விளையாட்டு எல்லாம் எண்ணிக்கையில் அதிகம்தான். ஆனால் ஒரு பிள்ளைக்கு அதில் இடம் கிடைப்பது சிறு பள்ளியில்தான் சுலபம். நூறு பேர் உள்ள பள்ளியில் நாடகம் போட வேண்டுமென்றால் கூச்சப்படுகிறவனையும் இழுத்துவந்து வேஷம் கட்டித்தான் ஆகவேண்டும். இரண்டாயிரம் பேர் உள்ள பள்ளியில் அவன் இல்லை என்பதே யாருக்கும் தெரியாது.

1990களில் இந்தப் பேச்சு மறுபடி சூடுபிடித்தது. தேசிய உயர்நிலைப்பள்ளித் தலைமையாசிரியர் சங்கம் 1996இல் இரண்டு எண்களை வைத்தது: ஓர் அலகில் 600 மாணவருக்கு மேல் வேண்டாம், ஓர் ஆசிரியருக்கு ஒரு பருவத்தில் 90 மாணவருக்கு மேல் வேண்டாம். 2000 முதல் மத்திய அரசும், ஆயிரமும் அதற்கு மேலும் பிள்ளைகள் உள்ள ஹைஸ்கூல்களுக்கென்றே தனி மானியம் கொடுக்க ஆரம்பித்தது. அந்த இரண்டு எண்களில் எல்லோரும் பிடித்துக்கொண்டது முதலாவதை. எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டாவது.

எங்கள் ஊரிலும் ‘ஹவுஸ்’ இருந்ததே, யாழ்ப்பாணத்தில் ‘இல்ல விளையாட்டுப் போட்டி’ இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது வேறு. எல்லா வகுப்பிலிருந்தும் பிள்ளைகளைப் பிரித்துச் சிவப்பு, நீலம் என்று கொடி கொடுப்பது அது. ஓட்டப்பந்தயம் முடிந்ததும் இல்லமும் முடிந்துவிடும். யார் யாருக்குப் பாடம் எடுக்கிறார் என்பதை அது தொடுவதே இல்லை.

இனி, வேலை எப்படி நடக்கிறது என்பதற்கு வருவோம். பெரும்பாலான பள்ளிகள் ஒன்பதாம் வகுப்பிலிருந்துதான் தொடங்குகின்றன, அதற்குக் காரணம் உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வு மையம் 2005இல் காட்டியது இது: ஒன்பதாம் வகுப்பு முடிவில் ஐந்து முழு ஆண்டு கிரெடிட் (ஒரு பாடத்தைத் தேறி முடித்ததற்கான கணக்கு) எடுத்து, முக்கியப் பாடங்களில் ஒரு செமஸ்டருக்கு மேல் ‘எஃப்’, அதாவது ஃபெயில், வாங்காத பிள்ளை, மற்றவர்களைவிட நான்கு ஆண்டில் பள்ளியை முடிக்கும் வாய்ப்பு 3.5 மடங்கு. எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணைவிட இது நன்றாக முன்கூட்டிச் சொல்கிறது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பாடத்தில் விழுந்தவன் பத்தாம் வகுப்பில் அதையும் சேர்த்துச் சுமக்கிறான், பதினொன்றில் படிப்பையே விடுகிறான்.

600 பேரை நான்கு அணியாகப் பிரிக்கிறோம். அணிக்கு 150 பிள்ளைகள், நான்கு ஆசிரியர்கள். நாளுக்கு ஏழு பீரியட். ஆசிரியர் ஐந்தில் பாடம் எடுக்கிறார், ஒன்றில் தன் தயாரிப்பு, ஒன்றில் நால்வரும் கூடும் நேரம். பிள்ளை ஏழு பீரியடில் நான்கு முக்கியப் பாடமும் மூன்று விருப்பப் பாடமும் படிக்கிறான். காகிதத்தில் அழகாகப் பொருந்தும். முட்டிக்கொள்ளும் இடம் அந்தக் கூடும் நேரம். நால்வரும் ஒரே பீரியடில் ஓய்வாக இருக்க வேண்டுமென்றால் அந்த 150 பேரும் அந்த நேரத்தில் வேறெங்கோ இருக்க வேண்டும். உடற்பயிற்சி, ஓவியம், இசை, ஸ்பானிஷ் என்று ஐந்து அறைகளும் ஐந்து ஆசிரியர்களும் தயாராக இருக்க வேண்டும். நான்கு அணிகளுக்கும் மூன்றாம் பீரியடையே கூடும் நேரமாக வைத்தால் 600 பேர் ஒரே சமயத்தில் விருப்பப் பாடத்துக்குப் போவார்கள், இருபது ஆசிரியர்கள் வேண்டும், உடற்பயிற்சிக் கூடம் தாங்காது. அதனால் அணிக்கு ஒரு பீரியட் என்று தள்ளித் தள்ளி வைக்க வேண்டும்.

செலவையும் மறைக்கக் கூடாது. 600 பேருக்கு நான்கு பாடம் என்றால் 30 பேர் வீதம் 80 வகுப்புகள். ஆசிரியர் ஆறு வகுப்பு எடுத்தால் 14 பேர் போதும். கூடும் நேரம் கொடுத்து ஐந்தாகக் குறைத்தால் 16 பேர். ஒன்பதாம் வகுப்புக்கு மட்டும் இரண்டு சம்பளம் கூடுதல். அந்த இரண்டு சம்பளம் இல்லை என்று சொல்லும் பள்ளி மாவட்டம் (ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பு), அணிக்குப் பெயர் வைத்து, சுவரில் பெயிண்ட் அடித்து, கூடும் நேரத்தை மட்டும் விட்டுவிடும். அதற்குச் செலவு செய்யாமலேயே இருந்திருக்கலாம்.

டைம்டேபிள் போடுகிறவருக்கு வரிசை முக்கியம். பள்ளி முழுக்க ஒரே ஒரு முறை நடக்கும் வகுப்புகளை முதலில் வைக்க வேண்டும்: பேண்டு, ஆர்கெஸ்ட்ரா, உயர்நிலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு ஜெர்மன். அடுத்து, சிறப்புக் கல்வி ஆசிரியர் இன்னொருவரோடு சேர்ந்து எடுக்கும் வகுப்புகளும், ஆங்கிலம் புதிதாகக் கற்பவர்களின் வகுப்புகளும். மூன்றாவது, அணிகளின் பாடங்கள், மொத்தமாக. கடைசியில்தான் மற்ற விருப்பப் பாடங்கள். இந்த வரிசை தவறினால் என்ன ஆகும்? பேண்டு நான்காம் பீரியடில், முன்னேறிய பிள்ளைகளுக்கான ஜியாமெட்ரி இரண்டாம் பீரியடில் என்று எங்கெங்கோ விழுந்தால், இரண்டையும் எடுக்கும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே அணிக்குள்தான் பொருந்துவார்கள். யாரும் திட்டமிடாமலே ‘கெட்டிக்காரர் அணி’ ஒன்று உருவாகிவிடும். மீதி மூன்று அணிகளில் யார் இருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பெற்றோர் இதை அக்டோபருக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். இடம் மாற்றக் கேட்டு அலுவலகத்தில் வரிசை நிற்கும், அதில் முன்னால் நிற்பவர்கள் நம் ஆட்களாகவும் இருப்பார்கள். டைம்டேபிளை வெளியிடும் முன் ஒவ்வோர் அணியிலும் எட்டாம் வகுப்பு வாசிப்பு மதிப்பெண், சிறப்புக் கல்வி, இலவச மதிய உணவு (வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு), இனம் இவற்றின் விகிதத்தை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அரை நாள் வேலை. செய்யாமல் விட்டால் வருடம் முழுக்க அனுபவிக்க வேண்டியதுதான்.

அறைகளும் ஒட்டியிருக்க வேண்டும். ஒரே வராந்தாவில் ஐந்தாறு அறை என்றால் வகுப்புக்கு இடையே ஆசிரியர்கள் வாசலில் நின்று பேசிக்கொள்வார்கள், பிள்ளைகள் நடக்கும் தூரமும் குறையும், சண்டையும் குறையும். இங்கே தடை அறிவியல் லேப். தண்ணீர்க் குழாயும் கேஸ் இணைப்பும் இருக்கும் லேப்கள் கட்டடத்தின் ஒரு மூலையில் மொத்தமாகக் கட்டப்பட்டிருக்கும், அவற்றை அணிக்கு ஒன்றாகப் பிய்த்துக் கொடுக்க முடியாது. அறிவியல் ஆசிரியர் மட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்று ஒப்புக்கொள்வதே நடைமுறை. அதற்காகப் புதுக் குழாய் போட மானியத்தைக் கரைப்பது வீண்.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைக்கும் அந்தக் கூடும் நேரத்தில் என்ன நடக்க வேண்டும்? ஒரு தாள், அதில் ஐந்தாறு பெயர். ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். பையன் முதல் பீரியடில் தூங்குகிறான் என்கிறார் ஆங்கில ஆசிரியர். திங்கட்கிழமைகளில் முதல் பீரியடுக்கு அவன் வருவதே இல்லை என்று அட்டெண்டன்ஸ் சொல்கிறது. ஆறாம் பீரியடில் லேபில் அவன்தான் முதல் ஆள் என்கிறார் அறிவியல் ஆசிரியர், அவருக்கு மற்றவர்கள் பேசுவது யாரைப் பற்றி என்றே முதலில் புரிவதில்லை. வீட்டுப்பாடம் இரண்டு மாதமாகப் பூஜ்யம் என்கிறார் கணக்கு ஆசிரியர். நான்கையும் சேர்த்து வைத்தால், பையனுக்குப் படிப்பு வராதது இல்லை, காலையில்தான் ஏதோ கோளாறு என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது. தம்பியைப் பள்ளியில் விட்டுவிட்டு வருகிறானோ, இரவு வேலைக்குப் போகிறானோ. யார் வீட்டுக்குப் போன் செய்வது, எந்தத் தேதிக்குள், அடுத்த செவ்வாய்க்கிழமை என்ன பார்க்க வேண்டும் என்பதை அதே தாளில் எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போகலாம். கணக்கில் ‘எஃப்’ வருவதற்கு ஆறு வாரம் முன்னால் இது நடக்கிறது என்பதுதான் இதன் மொத்தப் பலனும். தனித்தனியே இருந்திருந்தால் நால்வரிடமும் நான்கு வெவ்வேறு பையன்கள் இருந்திருப்பார்கள்.

இந்த நேரம் கெட்டுப்போகும் வழிகள் பல இடங்களில் ஒன்றுபோலவே இருக்கின்றன. விடுப்பில் போன ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ள அணியில் ஒருவரை அலுவலகம் இழுத்துக்கொள்ளும். வாரம் இரண்டு முறை இப்படி ஆனால் கூட்டம் செத்தது. இரண்டாவது, மாவட்டம் கேட்கும் படிவங்களை நிரப்புகிற நேரமாக அது மாறிவிடும். மூன்றாவது ஆசிரியர்களே செய்யும் தவறு: சத்தம் போடும் அதே மூன்று பையன்களைப் பற்றி வருடம் முழுக்கப் பேசுவது. சத்தமே போடாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்து ‘டி’ வாங்கிக்கொண்டிருக்கும் பெண்ணின் பெயர் தாளில் ஏறவே ஏறாது. அதனால் பெயர்களை நினைவிலிருந்து எடுக்காமல் மதிப்பெண் பட்டியலிலிருந்தும் வருகைப் பதிவிலிருந்தும் எடுக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொள்வது நல்லது.

‘அட்வைசரி’ என்று ஒன்றும் கூடவே வரும். ஓர் ஆசிரியருக்கு 15 முதல் 20 பிள்ளைகள், வாரம் இரண்டு முறை அரைமணி நேரம், முடிந்தால் நான்கு வருடமும் அதே ஆசிரியர். நம் வகுப்பாசிரியரை வேறு வழியில் திரும்பக் கொண்டுவருவதுதான் இது. அரைமணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுக்காவிட்டால் மூன்றாம் வாரத்தில் அது போன் பார்க்கும் நேரமாகிவிடும்.

சரி, பலன் என்ன? இங்கே கொஞ்சம் நேர்மை வேண்டும். கேட்ஸ் அறக்கட்டளை ஹைஸ்கூல்களை மேம்படுத்த ஒன்பது ஆண்டில் சுமார் 200 கோடி டாலர் செலவிட்டது. அதில் பெரும்பங்கு சிறு பள்ளிகளுக்கு. 2009 ஆண்டுக் கடிதத்தில் பில் கேட்ஸே, பல சிறு பள்ளிகளில் மாணவர் தேர்ச்சி சொல்லும்படி உயரவில்லை என்று ஒப்புக்கொண்டார். டென்வரின் மேனுவல் ஹைஸ்கூல் இதற்குப் பெயர்போன உதாரணம். 2001இல் ஒரே கட்டடத்தில் மூன்று தனிப் பள்ளிகளாகப் பிரித்தார்கள். பிரிந்த ஒவ்வொன்றும் விருப்பப் பாடங்களையும் உயர்நிலை வகுப்புகளையும் தனியாக நடத்தப் போதுமான ஆள் இல்லாமல் திணறியது, பிள்ளைகள் வெளியேறினார்கள், 2006இல் மூடிவிட்டார்கள். கானன்ட் அன்று சொன்னது அங்கே அப்படியே பலித்தது. அதே ஆசிரியர்கள், அதே பாடம், அதே எதிர்பார்ப்பு, மூன்று பெயர்ப்பலகை என்றால் வேறென்ன கிடைக்கும்?

நியூயார்க்கில் வேறு மாதிரி நடந்தது. 2002க்கும் 2008க்கும் இடையில் தேறாத பெரிய ஹைஸ்கூல்கள் இருபதுக்கும் மேல் மூடப்பட்டு, இருநூறுக்கும் மேற்பட்ட சிறு பள்ளிகள் திறக்கப்பட்டன. பல அதே பழைய கட்டடங்களில்தான். ஆனால் புதுத் தலைமையாசிரியர், பெரும்பாலும் புது ஆசிரியர்கள், வகுப்புக்கு நூறு பேர் அளவில் ஒன்பதாம் வகுப்பை மட்டும் முதலில் தொடங்கி வருடத்துக்கு ஒரு வகுப்பாக வளர்த்தார்கள். இடம் கேட்டவர்கள் அதிகமாக இருந்ததால் பல பள்ளிகளில் குலுக்கல் நடந்தது. ஆய்வாளர்களுக்கு அது அதிர்ஷ்டம். குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் எம்டிஆர்சி என்ற ஆய்வு நிறுவனம் ஒப்பிட்டபோது, நான்கு ஆண்டில் படிப்பை முடித்தவர்கள் சிறு பள்ளிகளில் 9.5 சதவீதப் புள்ளி அதிகம்.

அதே நிறுவனம் தொழில்சார் ‘கரியர் அகாடமி’களையும் ஆராய்ந்தது. 1969இல் பிலடெல்பியாவின் எடிசன் ஹைஸ்கூலில் மின்சாரத் தொழிலுக்காகத் தொடங்கிய வடிவம் இது. பெரிய பள்ளிக்குள் 150, 200 பேர், ஒரு துறை, உள்ளூர் நிறுவனங்களில் வேலைப் பயிற்சி. தேர்வு மதிப்பெண் ஒன்றும் உயரவில்லை. ஆனால் பள்ளி முடித்து எட்டு ஆண்டு கழித்துப் பார்த்தால் வருமானம் சராசரியாக 11 சதவீதம் அதிகம், ஆண்களுக்கு அதைவிடவும் கூடுதல். மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருந்தால் மூடியிருப்பார்கள்.

மத்திய அரசின் மானியம் பெற்ற பள்ளிகளைப் பற்றி 2008இல் வந்த மதிப்பீட்டிலும் இதே சாயல்: ஒன்பதிலிருந்து பத்துக்குப் போகிறவர்கள் கூடினார்கள், விளையாட்டு, மன்றங்களில் சேர்கிறவர்கள் கூடினார்கள், தேர்வு மதிப்பெண்ணில் குறிப்பிடும்படி ஒன்றுமில்லை. சிறு குழு பிள்ளையைப் பள்ளிக்குள் பிடித்து வைக்கிறது. பாடத்தைத் தானாகக் கற்றுக்கொடுப்பதில்லை. மாசசூசெட்ஸின் பிராக்டன் ஹைஸ்கூல் நான்காயிரம் பேருக்கு மேல் இருந்தும், எல்லாப் பாட ஆசிரியரும் எழுத்தும் வாசிப்பும் கற்பிக்க வேண்டும் என்ற ஒரே பிடிவாதத்தால் மதிப்பெண்ணை உயர்த்திக் காட்டியது. இரண்டும் வேறு வேறு வேலைகள், ஒன்றைச் செய்துவிட்டு மற்றதன் கூலியைக் கேட்க முடியாது.

சிறு பள்ளிகள்தான் முதலிடத்தில் இருக்கின்றன என்று யாராவது பட்டியலைக் காட்டினால் அதே பட்டியலின் அடிப்பகுதியையும் கேளுங்கள். அங்கும் சிறு பள்ளிகள் நிறைய இருக்கும். 60 பேரின் சராசரி நாலைந்து பேரால் மேலும் கீழும் ஆடும், 600 பேரின் சராசரி அப்படி ஆடாது. புள்ளியியலாளர் ஹோவர்ட் வைனர் இதைப் பென்சில்வேனியா மதிப்பெண்களை வைத்துக் காட்டியிருக்கிறார்.

உங்கள் பிள்ளை சேரப்போகும் பள்ளியில் ‘ஃப்ரெஷ்மன் அகாடமி’ (ஒன்பதாம் வகுப்புக்கான இந்த ஏற்பாடு) இருக்கிறது என்றால், அறிமுகக் கூட்டத்தில் லோகோவைப் பார்த்துத் தலையாட்டாமல் இதைக் கேட்கலாம்: பிள்ளையின் நான்கு முக்கியப் பாட ஆசிரியர்களும் ஒரே அணியா? அவர்கள் கூடும் பீரியட் எது? போன மாதம் அது எத்தனை முறை ரத்தானது? பேண்டு எடுத்தால் அணியை விட்டு வெளியே போக வேண்டியிருக்குமா? பத்தாம் வகுப்பில் இந்த அணி என்ன ஆகும்? கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் மௌனம் வரும். ஒரு வருடம் கைப்பிடித்து நடந்துவிட்டு அடுத்த ஆகஸ்டில் 2,400 பேருக்குள் விட்டுவிடும் பள்ளிகளில், ஒன்பதில் கிடைத்த பலன் பத்தில் கரைகிறது.

இன்னொன்று செப்டம்பர் மாதத்தில் வரும். சேர்க்கை எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் மாவட்டம் ஓர் ஆசிரியரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், பிள்ளைகளின் டைம்டேபிளைக் கவனிக்கும் பள்ளிக் கவுன்சிலர்கள் 30க்கு மேல் போன வகுப்புகளைச் சரிக்கட்டப் பிள்ளைகளை அங்குமிங்கும் மாற்றுவார்கள். ஒவ்வொரு மாற்றமும் தனியாகப் பார்த்தால் நியாயமானதுதான். நாற்பது மாற்றம் முடிந்தபின் அணியில் 150 பேருக்குப் பதில் 110 பேர்தான் நால்வருக்கும் பொது. இதைத் தடுக்கத் தெரிந்த பள்ளிகள், அணியை உடைக்கும் எந்த மாற்றத்துக்கும் அணித் தலைவரின் கையெழுத்து வேண்டும் என்று வைத்திருக்கின்றன. கம்ப்யூட்டரில் ஒரு டிக் போட்டால் முடிகிற வேலைக்கு ஆளைத் தேடிப் போய்க் கையெழுத்து வாங்க வேண்டும் என்றால், பாதிப் பேர் வேறு வழி பார்த்துக்கொள்கிறார்கள்.